மேசையில் மூன்று தொப்பி: கல்லூரிக் கூடைப்பந்து கேள்வி-பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுகள் பள்ளி வீரர்களைப் பார்த்து எடைபோடும் ஜூலை ஆட்டங்கள் முடிந்த கையோடு வழக்கம்போலக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். பையன் எந்த வகுப்பு, எந்த இடத்தில் ஆடுகிறான், காலணி இல்லாமல் என்ன உயரம் என்ற மூன்றும் இல்லாத கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லை. ஒன்றுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன், கோபத்தில்.

கே: ரட்கர்ஸ் கல்லூரி அணி 2024-ல் பள்ளி நட்சத்திரங்கள் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி இருவரையும் பிடித்தது. கடைசியில் 15 வெற்றி, 17 தோல்வி. பள்ளிப் பையன்களை நம்புவதே வீண்தானே? (எடிசன், நியூ ஜெர்சி)

ப: அந்த இரண்டு பையன்களும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். தொழில்முறை லீக்கான என்பிஏ புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் ஹார்ப்பர் இரண்டாவது, பெய்லி ஐந்தாவது. தேறாதது அவர்களைச் சுற்றி இருந்த அணி. அதே ஆண்டு டியூக் கல்லூரியைப் பாருங்கள். கூப்பர் ஃபிளாக், கான் கனிப்பல், கமான் மலுவாச் என்று மூன்று ஃப்ரெஷ்மன்கள் (முதலாண்டு மாணவர்கள்) தொடக்க ஐவரில் ஆடினார்கள். மூவரும் டிராஃப்டில் முதல் பத்துக்குள் போனார்கள். ஆனால் பக்கத்தில் மூன்றாம் ஆண்டு டைரீஸ் பிராக்டர் இருந்தார். டுலேனில் நான்கு ஆண்டு ஆடிவிட்டு வந்த சையான் ஜேம்ஸ் இருந்தார். 35 வெற்றி, தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளான ஃபைனல் ஃபோரில் இடம். பதினெட்டு வயதுக்காரன் பந்தைத் தொலைத்தால் ஓடிப்போய்த் தடுக்க இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் வேண்டும். கென்டக்கி 2012-ல் ஆன்டனி டேவிஸை வைத்துக் கோப்பை வாங்கியது. அடுத்த ஆண்டு புதுப் பையன்களோடு போய் தேசியப் போட்டிக்குத் தேறாத அணிகள் ஆடும் என்ஐடி முதல் சுற்றிலேயே ராபர்ட் மோரிஸ் என்ற சிறிய கல்லூரியிடம் தோற்றது. கோச் அதே ஆள்தான்.

கே: ஐந்து நட்சத்திர வீரர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர்? (சென்னை)

ப: தர வரிசை போடுபவர்கள் பள்ளி வீரர்களுக்குத் தரும் உச்ச மதிப்பு அது. 25, 30 பேர். பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான டிவிஷன் 1 வரை போகிறவர் நூற்றில் ஒருவர்.

கே: என் மகன் 6'2". நன்றாக ஆடுவான். டிவிஷன் 1-ல் இடம் கிடைக்குமா? (ஊர் பெயர் இல்லை)

ப: எட்டாம் வகுப்பில் 6'2" என்றால் ஒரு கதை, பன்னிரண்டாம் வகுப்பில் என்றால் முற்றிலும் வேறு கதை. எந்த வகுப்பு என்று எழுதவில்லை. யாரை எதிர்த்து ஆடுகிறான் என்று எழுதவில்லை. "நன்றாக ஆடுவான்" என்று எழுதாத அப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை. காலணியோடு அளந்த உயரமா? என்பிஏவே 2019-ல் காலணி இல்லாமல் அளந்து எழுதச் சொல்லிவிட்டது, நீங்களும் அப்படியே அளக்கலாம். அந்த உயரத்தில் அவன் கார்டுதான் (பந்தை எடுத்துப்போகும் வெளிவட்ட வீரன்), வேறு இடம் இல்லை. எதிரணியின் வேகமான கார்டை அவனால் முன்னால் நின்று மறிக்க முடிகிறதா, நெருக்கடியில் இடக்கையால் பந்தை எடுத்துப்போக முடிகிறதா என்று அவனுடைய கோச்சைக் கேளுங்கள். அவன் போடும் பாயின்ட் கணக்கு எனக்கு வேண்டாம்.

கே: ஹைலைட் வீடியோ எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?

ப: இரண்டு நிமிடம். கூடவே ஒரு முழு ஆட்டம், அதுவும் தோற்ற ஆட்டம். பாட்டு வேண்டாம்.

கே: எங்கள் கல்லூரி ஓர் ஐந்து நட்சத்திர வீரரை ஒன்றரை ஆண்டு துரத்தியது. கடைசி மூன்றில் இருந்தோம். அறிவிப்பு நாளில் அவர் மேசையிலிருந்த மூன்று கல்லூரித் தொப்பிகளில் வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். இது கெட்ட நேரமா, கோச்சின் தவறா? (ஓஹாயோ)

ப: கோச்சின் தவறு. மேசையில் மூன்று தொப்பி இருந்தது, அதில் ஒன்று நம்முடையது என்று ரசிகர்கள் பெருமைப்படுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாவது வந்ததற்கு அங்கே வெள்ளிப் பதக்கம் கிடையாது.

பட்டியல் போடும் வேலை எங்கே தொடங்க வேண்டும்? நட்சத்திரத்தில் இல்லை, காலி இடத்தில். முன்பு 13 ஸ்காலர்ஷிப், வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 2025-26 முதல் 15 வீரர்கள். அதில் யாருக்குப் படிப்பு முடிகிறது, யார் டிராஃப்டுக்குப் போவார், யார் சொல்லாமல் கொள்ளாமல் போர்ட்டலுக்கு, அதாவது கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலுக்குப் போவார் என்று எண்ண வேண்டும். கடைசி வகையில் இரண்டு மூன்று பேரையாவது இப்போதே கழித்துவிடுங்கள். மிச்சம் இரண்டு விங் (பக்கவாட்டு வீரர்), ஒரு பிக் மேன் (கூடையருகே ஆடும் உயரமானவர்) என்று வருகிறதா? ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு பெயர், வரிசை எண்ணோடு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் பையன் கல்லூரியை வந்து பார்க்கவில்லை, வீட்டில் யார் முடிவெடுக்கிறார் என்பதே தெரியவில்லை என்றால், கோச்சின் நேரம் இரண்டாம் பெயருக்குப் போக வேண்டும். கல்லூரிகள் எல்லாம் பட்டியல் வைத்திருக்கின்றன. தேதி வைத்திருப்பவை சொற்பம்.

ஜூலையில் ஏதாவது ஒரு பெரிய ஜிம்முக்குப் போய் நின்று பாருங்கள். அந்த நாள்களில் கோச்சுகள் வீரர்களோடு நேரில் பேசக் கூடாது. பார்க்கலாம். பார்ப்பது பையன் கண்ணில் படும்படி, கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்காரலாம். ஒரே பையனின் எல்லா ஆட்டத்துக்கும் இப்படி வந்து உட்காருவதற்கு அந்த வட்டாரத்தில் பேபிசிட்டிங் என்று பெயர். சென்ற ஆண்டு ஒரு நடுத்தரக் கல்லூரியின் தலைமைக் கோச் காலையிலிருந்து இரவுவரை ஒரு கோர்ட்டை விட்டு நகரவில்லை. அவர் பார்த்த பையனோ ஓய்வு நேரத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரிய கல்லூரிக் கோச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கோர்ட் தள்ளி, இவர் பட்டியலில் இரண்டாவதாக இருந்த 6'8" ஃபார்வர்டு ஆடினான். உதவிக் கோச் ஒருவர் முதல் பாதியோடு எழுந்து போய்விட்டார். அந்தப் பையனின் அம்மா அதைக் கவனித்தார். செப்டம்பரில் தொப்பி கைவிட்டுப் போன பிறகு அந்த வீட்டுக்குப் போன் செய்தால், இத்தனை மாதம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்காமல் என்ன செய்வார்?

என்பிஏ நட்சத்திரம் ஜா மொரான்ட் ஒரு சிறிய கல்லூரிக்கு எப்படிக் கிடைத்தார்? மரே ஸ்டேட்டின் உதவிக் கோச் ஜேம்ஸ் கேன் வேறொரு பையனைப் பார்க்கத்தான் தென் கரோலினாவில் நடந்த முகாமுக்குப் போனார். நொறுக்குத்தீனி வாங்கப் போகும் வழியில் பக்கத்து ஜிம்மில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தலைமைக் கோச் மேட் மக்மேனைக் கூப்பிட்டார். 2019 டிராஃப்டில் மொரான்ட் இரண்டாவது. அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, இன்னொரு என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி? அப்பா டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக், ஸ்காலர்ஷிப் இல்லாமல் வேண்டுமானால் வரட்டும் என்றது. சிறிய கல்லூரியான டேவிட்சனின் கோச் பாப் மக்கிலப் அந்த ஒல்லிப் பையனைத் தன் பட்டியலில் மேலே வைத்தார். 2008-ல் டேவிட்சன் தேசியப் போட்டியின் கடைசி எட்டு (எலைட் எயிட்) வரை போய் கான்சஸிடம் இரண்டு பாயின்டில் தோற்றது. மக்கிலப் பெரிய தொப்பி எதையும் துரத்திக்கொண்டிருக்கவில்லை, அதனால் அவருக்கு நேரம் இருந்தது.

உங்கள் கோச் ஐந்து நட்சத்திர வீரரைக் கேட்டது தவறில்லை. கேட்கலாம். ஆனால் அது உதவிக் கோச் ஒருவரின் வேலை. தலைமைக் கோச்சின் ஜூலை முழுவதையும் அதற்குக் கொடுத்ததுதான் தவறு.

கே: மகனுக்கு 12 ஆஃபர் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் எக்ஸ் தளத்தில் போட்டுவிட்டான். எதைத் தேர்ந்தெடுப்பது? (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

ப: முதலில் எத்தனை ஆஃபர் என்று சரியாக எண்ணுங்கள். பாதி வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டாக இருக்கும். கையில் டிக்கெட் இருக்கிறது என்பதற்காக இருக்கை இருக்கிறது என்று அர்த்தமில்லை. "இன்றைக்கே சரி என்று சொன்னால் எடுத்துக்கொள்வீர்களா?" என்று தலைமைக் கோச்சிடம் நேரடியாகக் கேளுங்கள். தலைமைக் கோச் வாயிலிருந்து வராதது ஆஃபர் இல்லை. உதவிக் கோச் நாளைக்கே வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். இன்னொன்று, வீரரைக் கல்லூரியோடு கட்டிப்போட்ட லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரோடு ஒழிந்துவிட்டது. இப்போது கையெழுத்தாவது நிதியுதவி ஒப்பந்தம். அதோடு கல்லூரி தன் விளையாட்டு வருமானத்திலிருந்து தரும் பங்கும் சேர்ந்தால் வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: பள்ளி ஆட்டமா, ஏஏயூ (பள்ளிக்கு வெளியே உள்ள கிளப்) ஆட்டமா, கோச்சுகள் எதைப் பார்க்கிறார்கள்?

ப: இரண்டையும். நைக்கியின் ஈஒய்பிஎல், அடிடாஸின் 3எஸ்எஸ்பி, அண்டர் ஆர்மரின் யுஏஏ போன்ற கிளப் சுற்றுகளில் சமமான எதிராளி கிடைப்பான். நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போட்டியில் ஒரே வாரத்தில் நாட்டின் பாதித் திறமை நிற்கும். பள்ளி ஆட்டத்தில் தெரிவது வேறு. திறமை குறைந்த கூட்டாளி பந்தை நழுவவிட்டால் இவன் முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்ப்பேன்.

கே: 2025 சாம்பியன் ஃபுளோரிடாவின் தொடக்க ஐவரில் நான்கு பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். இனி பள்ளி ரெக்ரூட்டிங் (பள்ளியிலிருந்து ஆள் எடுப்பது) செத்ததுதானே? (டொரான்டோ)

ப: வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்து, ரூபன் சின்யேலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து. உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்த நால்வரையும் பள்ளியிலிருந்து யாரோ ஒரு கோச் எடுத்தாரே? அயோனாவும் பெல்மான்டும் செய்த வேலையின் பலனை ஃபுளோரிடா அறுவடை செய்தது. ஐந்தாமவர் அலெக்ஸ் காண்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃப்ரெஷ்மனாக வந்து இரண்டாம் ஆண்டில் இருந்தார்.

மாறியது வரிசை. மூன்றாம் ஆண்டில் பழுப்பான் என்று எடுத்து வைக்கும் பையனுக்கு இன்று பெரிய கல்லூரியில் இடம் இல்லை. இரண்டாம் ஆண்டே ஆடும் நேரம் கேட்டுப் போர்ட்டலுக்குப் போய்விடுவான். 2024-லிருந்து எத்தனை முறை மாறினாலும் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வைக்க முடியாது. அதனால் பெரிய கல்லூரிகள் முதல் ஆண்டே ஆடக்கூடிய இரண்டு மூன்று பேரை மட்டும் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போர்ட்டலில் நிரப்புகின்றன. நடுத்தரப் பையனின் பெற்றோருக்குச் சொல்கிறேன், பெயரைப் பார்க்காதீர்கள். முதல் ஆண்டே 20 நிமிடம் ஆட விடும் சிறிய கல்லூரிக்கு அனுப்புங்கள். கிளேட்டனும் முதலில் சிறிய கல்லூரிக்குத்தான் போனார்.

கே: மகள்களுக்கும் இதே கணக்கா?

ப: போர்ட்டல் அதேதான். ஆனால் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ டிராஃப்டுக்கு 22 வயதோ பட்டமோ வேண்டும் என்பதால் ஒரே ஆண்டில் கிளம்பும் கதை அங்கே இல்லை. நல்ல பள்ளி மாணவியை எடுத்தால் நான்கு ஆண்டு வைத்திருக்கலாம். பள்ளிப் பட்டியலுக்கு அங்கே இன்னும் மதிப்பு அதிகம். யூகான் 2025-ல் சீனியர் பெய்ஜ் பெக்கர்ஸையும் ஃப்ரெஷ்மன் சாரா ஸ்ட்ராங்கையும் சேர்த்து ஆடவிட்டுக் கோப்பை வாங்கியது.

கே: கூப்பர் ஃபிளாக் ஒரு வகுப்பு முன்னால் போனார். நாங்கள் மகனை எட்டாம் வகுப்பில் ஓர் ஆண்டு நிறுத்தி வைக்கலாமா?

ப: ஃபிளாக் முன்னால் போனார், நீங்கள் பின்னால் போகக் கேட்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். காலணி இல்லாத உயரத்தோடு பத்தாம் வகுப்பில் எழுதுங்கள். கோச்சுகளே பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15-க்குப் பிறகுதான் அவனோடு பேசலாம்.

கே: எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயமா?

ப: கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2023-ல் எடுத்துவிட்டது. கல்லூரி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். என்சிஏஏ கேட்பது 16 கோர் (அடிப்படை) பாடம், அவற்றில் 2.3 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி). அதில் 10 பாடம் கடைசி ஆண்டு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து பாதிப் பள்ளிப் படிப்பில் வந்த பையன்கள் இந்தப் பத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கே: ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் எவ்வளவு ஸ்காலர்ஷிப் தரும்?

ப: விளையாட்டுக்கு ஒரு காசு தராது. குடும்ப வருமானம் பார்த்துத் தரும் உதவி மட்டும். ஆட்டம் மட்டம் என்று நினைக்காதீர்கள். 2023-ல் 15-ஆம் தர வரிசையில் வந்த பிரின்ஸ்டன் அரிசோனாவை வீழ்த்தி தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு (ஸ்வீட் சிக்ஸ்டீன்) வரை போனது.

கே: நாங்கள் எச்-1பி வேலை விசா, மகன் அதைச் சார்ந்த எச்-4. கல்லூரி என்ஐஎல் பணம் (வீரரின் பெயர், படத்தைப் பயன்படுத்துவதற்கான பணம்) தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? (சான் ஹோசே)

ப: ஸ்காலர்ஷிப் வாங்கலாம், தடை இல்லை. என்ஐஎல் பணம் வேறு விஷயம். விளம்பரத்தில் நிற்பதும் கையெழுத்து விற்பதும் வேலையாகக் கருதப்படலாம், எச்-4 பிள்ளைக்கோ வேலை அனுமதி கிடையாது. 21 வயதில் அந்த விசாவே முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் வேலைக் கட்டுப்பாடு தொடரும். குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு டாலரும் தொடாதீர்கள். "மற்ற வெளிநாட்டுப் பையன்கள் வாங்குகிறார்களே" என்று கோச் சொன்னால், சொன்னது தலைமைக் கோச்சா உதவிக் கோச்சா என்றுகூடப் பார்க்க வேண்டாம். விசா போனால் போவது உங்கள் மகனுக்குத்தான்.