மூன்றாவது மாடியில் இருக்கிறீர்கள், சைரன் அடித்தால்?

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மூன்றாவது மாடி வீடு, பேஸ்மென்ட் (நிலவறை) இல்லை, டொர்னேடோ (சுழல்காற்று) வருகிறது என்று சைரன் அடித்தால் நான்கு வயது மகளோடு எங்கே ஓடுவது என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து காரில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். 2013 மே 31 அன்று அங்கே எல் ரினோ ஊர்ப்பக்கம் அடித்த டொர்னேடோவில் இறந்த 8 பேருமே வண்டியில் இருந்தவர்கள். பலர் ஒரே நேரத்தில் கிளம்பியதில் சாலைகள் அடைத்துக்கொண்டன.

சரி, இன்றைக்கே கீழ்த்தளத்துக்காரரிடம் பேசி வையுங்கள். எங்களுக்குக் கீழ்வீட்டு அம்மாதான் ஜன்னலில்லாத தன் குளியலறையைத் திறந்துவிட்டார். குளியல் தொட்டிக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து மேலே மெத்தையைப் பிடித்துக்கொண்டோம். மகளுக்கு சைக்கிள் ஹெல்மெட், எல்லோர் காலிலும் ஷூ. காற்று அடித்து ஓய்ந்த இடத்தில் தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியுமாகக் கிடக்கும். அப்புறம், இரவில் போனை சைலன்ட்டில் போடாதீர்கள். தூக்கத்தில் சைரன் கேட்காமல் போகலாம், போனில் வரும் எச்சரிக்கையாவது எழுப்பும். வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் மகளோடு அந்தப் படிகளில் இறங்கிப் பழகுங்கள்.