ஒரே கருத்தரங்கில் இரண்டு அறைகள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் இரண்டு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடந்தது. ஓர் அறையில் ‘மொழிக்குடும்பங்களின் வரலாற்று வகைப்பாடு’, பக்கத்து அறையில் ‘இரண்டாம் மொழித் தொடர்புத் திறன்’. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மொழியைப் பற்றிய ஆராய்ச்சிக்கும், இன்றைக்கு ஒரு மாணவரைப் பேச வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? கட்டுரை வாசித்துச் சான்றிதழ் வாங்குவதைத் தவிர இந்தக் கூட்டங்களால் என்ன பயன்? நிறுத்திவிடலாமே?
— பெயர் வெளியிட விரும்பாத ஆங்கில ஆசிரியை

பதில்: சான்றிதழைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ‘என்ன சம்பந்தம்’ என்று கேட்டீர்களே, அதை என்னால் விட முடியாது. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.

1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆங்கிலேயர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் வேலை. அதாவது, முழுக்க முழுக்க ஓர் இரண்டாம் மொழிப் பயிற்சிக் கூடம். அதை முன்னின்று நடத்தியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1816-இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூல் வந்தபோது, எல்லிஸ் அதற்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். தெலுங்கு, தமிழ், கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிக் காட்டி, இவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுள்ள தனிக் கூட்டம் என்று நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. எல்லிஸ் தனியாகவும் செய்யவில்லை. அந்தக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த உள்ளூர்ப் பண்டிதர்களின் அறிவு அதன் பின்னால் இருந்தது.

திராவிட மொழிக்குடும்பம் என்ற கருத்து அச்சேறியது ஒரு மொழி வகுப்பறைக்குப் பக்கத்தில்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். 1786-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் கூட்டத்தில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று பேசினாரே, அவரும் வயது வந்த பிறகு சமஸ்கிருதம் படித்தவர்தான். நீதிபதியாக வந்தவருக்கு இங்குள்ள சட்ட நூல்களை நேரடியாகப் படிக்க வேண்டியிருந்தது. கால்டுவெல்லும் தமிழைப் பிற்காலத்தில் கற்றவரே. வேறொரு மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றவர்களின் காதில்தான் இந்த உறவுகள் முதலில் கேட்டன.

உங்கள் துறையின் பக்கமிருந்தும் ஒரு சான்று சொல்கிறேன். தொடர்புத் திறன் பற்றிய எந்தக் கட்டுரையிலும் அமெரிக்க மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் பெயர் வந்துவிடும். இலக்கண விதி தெரிந்தால் மட்டும் போதாது, யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்பதும் மொழியறிவுதான் என்று அழுத்திச் சொன்னவர். 1972-இல் வெளியான அவருடைய கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். அதே ஹைம்ஸ் 1960-இல் எழுதிய இன்னொரு நீண்ட கட்டுரை, அடிப்படைச் சொற்களை எண்ணி, மொழிகள் எப்போது பிரிந்தன என்று கணிக்கும் முறையைப் பற்றியது. உங்கள் கருத்தரங்கின் இரண்டு அறைகளுக்கும் அவர் சொந்தக்காரர்.

சரி, இதனால் வகுப்பறைக்கு என்ன கிடைக்கும்? ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: நாம்.

தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். தமிழ் கற்கும் ஒருவர் நம்மைக் கூட அழைப்பதாக நினைத்துக்கொண்டு, ‘நாங்கள் போகலாம்’ என்கிறார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் கேட்பவருக்கு, தன்னை ஒதுக்கிவிட்டார்களோ என்று மனம் சுருங்குகிறது. தொடர்புத் திறன் என்று நீங்கள் நாள் முழுக்கச் சொல்வது இதைத்தானே?

இதே சொல்லைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோங்கள். தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்று இந்த வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றுதான். ஆகவே தெலுங்கு மாணவருக்குத் தமிழ் ‘நாம்’ புதிதல்ல, கன்னட மாணவருக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம், மராத்தியைப் பாருங்கள். அது இந்தோ-ஆரிய மொழி, ஆனாலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என்று அங்கேயும் இரண்டு ‘நாம்’. குடும்பத்தில் இல்லாத குணம், பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் வந்தது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இப்படி உறவில்லாமலே ஒன்றுபோல் ஆகிவிட்ட மொழிகளை ‘மொழிக்குடும்பம்’ என்பதிலிருந்து பிரித்து வேறு பெயரால் அழைக்க வேண்டும் என்று ரஷ்ய மொழியியலாளர் த்ருபெத்ஸ்கோய் முன்வைத்தது எங்கே தெரியுமா? 1928-இல் ஹேக் நகரில் கூடிய முதல் பன்னாட்டு மொழியியலாளர் மாநாட்டில். 1956-இல் மொழியியலாளர் எமனோ இந்தியாவையே அப்படிப்பட்ட ஒரு மொழிப் பரப்பாகக் காட்டினார். ஒரு கூட்டத்தில் எழுந்த ஒரு யோசனை இன்னமும் வேலை செய்கிறது. ‘நிறுத்திவிடலாமே’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். ஒருவர் இரு தொலைதூர மொழிகளில் ஒன்றுபோல் ஒலிக்கும் முப்பது சொற்களை வாசித்து, இரண்டும் ஒரே குடும்பம் என்று முடித்தார். தலைவர் மணியடித்தார். கேள்விக்கு நேரமில்லை, அடுத்தவர் மேடையேறினார். அந்த ஆய்வாளருக்கு நாங்கள் செய்தது அநியாயம். பாரசீகத்தில் ‘பத்’ என்றாலும் ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்டது என்றே பொருள், ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. ஆர்மீனிய ‘எர்கு’வும் லத்தீன் ‘துவோ’வும் காதுக்குத் துளியும் ஒட்டாது, ஆனால் இரண்டும் ‘இரண்டு’ என்ற ஒரே பழஞ்சொல்லின் வாரிசுகள். ஒலி ஒற்றுமையை நம்பாதீர்கள், ஒலி மாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள் என்று அவரிடம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத் தொடக்க விழாவின் பொன்னாடைகள் தின்றுவிட்டன.

அந்த ஒழுங்கு கைக்கு வந்தால் கற்பவருக்கும் லாபம். தமிழர் ஒருவர் கன்னடம் கற்கிறார். பத்து ‘ஹத்து’, பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பூ ‘ஹூவு’. பழைய கன்னடத்தில் இவை ‘ப’-வில்தான் தொடங்கின, பிறகு ‘ஹ’ ஆயின. இந்த ஒரு வரி தெரிந்தவருக்கு, ‘ஹ’-வில் தொடங்கும் புதுச்சொல் வந்தால் ‘ப’ போட்டுப் பார்க்கத் தோன்றும். எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது. பொருந்தும் இடங்களில் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும்.

உங்கள் கருத்தரங்கில் ஒலி மாற்றம் பேசியவருக்கு இதை வகுப்பில் பயன்படுத்தலாம் என்று தெரியாமல் போயிருக்கும். தொடர்புத் திறன் பேசியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. இரண்டு அமர்வும் ஒரே நேரத்தில், நடுவே ஒரு சுவர். எனக்குக் கோபம் அந்தச் சுவர்மீதுதான். எண்பது பேரை எட்டு நிமிடம் வாசிக்க விடுவதற்குப் பதில் எட்டுப் பேரை ஒரு மணி நேரம் பேசவும் பதில் சொல்லவும் விட்டால், நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். கட்டுரைகளை ஒரு மாதம் முன்பே அனுப்பிவிட்டால் மேடையில் வாசிக்கும் தேவையே இல்லை. தலை நிமிராமல் தாளைப் பார்த்து வாசிக்கும் ஒருவரிடமிருந்து தொடர்புத் திறனைப் பற்றி மாணவர்கள் எதையும் கற்க முடியாது, அதைச் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் துறை கருத்தரங்கம் நடத்தும்போது ஏற்பாட்டுக் குழுவில் சேருங்கள். உங்கள் மாணவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பத்தை எழுதி, பக்கத்து அறைக்காரர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள். பையைக் குறிக்கும் ‘பேக்’கையும் (bag) மூட்டை கட்டுவதைக் குறிக்கும் ‘பேக்’கையும் (pack) சொல்லும்போது ‘ப’ எங்கே மென்மையாகிறது, எங்கே வல்லென்று நிற்கிறது, அது ஏன் என்று அவர்கள் விளக்கட்டும். திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூல திராவிடத்தில் இந்த வன்மை-மென்மைக்குத் தனித்தனி ஒலியன்கள் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகள்) இல்லை என்பதிலிருந்து அவர்கள் தொடங்குவார்கள். அதை நாளைக்கு வகுப்பில் எப்படிப் பயிற்சியாக்குவது என்பதை நீங்கள் சொல்லுங்கள். அந்த அமர்வுக்கு எனக்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்புங்கள், கட்டாயம் வருகிறேன்.