முகப்பு மட்டும் இருந்தால் அது சிகாகோ இல்லை

அன்புள்ள சார்,

மேசையில் சின்னப் பொம்மை ஆட்களை நகர்த்திச் சண்டை போடும் மினியேச்சர் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இதில் இறங்கினேன். 1920களின் சிகாகோவை, கேங்ஸ்டர் சண்டைக்காக, 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏற்ற அளவில் அட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். செங்கல் சுவரை பிரிண்ட் எடுத்து ஒட்டினால் இரண்டே நாளில் அட்டை வில்லாக வளைந்துவிடுகிறது. என்ன கனத்தில் அட்டை வாங்கலாம், எந்தப் பசை நல்லது? ஒரு தெருவின் இரண்டு பக்கமும் கடை, ஹோட்டல், வங்கி என்று முகப்புகளை முடித்துவிட்டேன். பின்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் வெறும் அட்டையாகவே விட்டிருக்கிறேன். படம் இணைத்துள்ளேன். வீட்டில் “இந்த வயசில் பொம்மை வீடா” என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

ர., கோவை

அன்புள்ள ர.,

படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் ஜன்னல்களுக்குச் சட்டத்தைத் தனியாக வெட்டி, கண்ணாடித்தாளின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு மூலையில்கூடப் பிசிறில்லை. இப்படி வேலை தெரிந்த கை வீட்டில் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அதை விடுங்கள்.

ஆனால் “பின்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்ச காலமாகவே இது மனதில் கிடந்து உறுத்துகிறது. மேசையில் நகரம் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் சினிமா செட்தான் போடுகிறார்கள். முன்னால் பளபளப்பு, பின்னால் ஒன்றுமில்லை. வேறு எந்த ஊரை, எந்தக் காலத்தைக் கட்டினாலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், மதுவிலக்குக் கால சிகாகோவில் முடியவே முடியாது.

ஏன் என்று கேளுங்கள். 1920 ஜனவரியில் தொடங்கி 1933 டிசம்பரில் முடிந்த அந்த அமெரிக்க மதுவிலக்கு குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. தயாரிப்பதும் விற்பதும் ஏற்றிச்செல்வதும்தான் குற்றம். அதனால் அந்த உலகமே லாரி, பீப்பாய், இறக்குகிற ஆள், பின்கதவு என்று ஓடியது. யாருடைய சரக்கு எந்தக் கதவுக்குப் போகிறது என்பதுதான் சண்டையே. நீங்கள் சண்டைக்காரர்களைச் செய்து வைத்துவிட்டுச் சண்டைக்கான இடத்தை விட்டுவிட்டீர்கள்.

நான் சிகாகோ போனபோது வடபகுதியில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கினேன். பழைய மூன்று மாடி வீடு. முகப்பு முழுக்கச் செதுக்கிய சுண்ணாம்புக்கல், வாசலுக்கு மேலே கல்லிலேயே ஒரு மாலை. ராத்திரி குப்பை கொட்ட அவரோடு பின்பக்கம் இறங்கினேன். அதே வீடுதானா என்று இருந்தது. மாடிக்கு மாடி மரத் தாழ்வாரம், அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும் மரப்படி, கீழே கார் ஷெட்டுகள் வரிசையாக, நடுவில் நீளமாக ஒரு பின்சந்து. சுவரைத் தடவிப்பார்த்தேன். முகப்புக் கல் இல்லை, உள்ளூர்க் களிமண்ணில் சுட்ட சாதாரணச் செங்கல். ஒன்று வெளிறின மஞ்சள், அடுத்தது இளஞ்சிவப்பு, இன்னொன்று கருகல். சாந்து பிதுங்கி அப்படியே காய்ந்திருந்தது. அந்த ஊரில் பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான், காசெல்லாம் முகப்புக்கு, பக்கத்துக்கும் பின்னுக்கும் மலிவுச் செங்கல். ஊர் முழுக்க இந்தப் பின்சந்துகளைச் சேர்த்தால் சுமார் 1,900 மைல் வரும் என்பார்கள். நீங்களோ இரண்டு கட்டடங்களில் பக்கச் சுவரில்கூட முகப்பின் அதே சிவப்புச் செங்கல் பிரிண்டை ஒட்டிவைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கிழித்துப் போடுங்கள்.

அளவைப் பாருங்கள், விளையாட்டே அதில்தான் இருக்கிறது. அங்கே வழக்கமான மனை 25 அடி அகலம், 125 அடி நீளம். தெரு 66 அடி, பின்சந்து 16 அடி. 28 மி.மீ. பொம்மைக்கு 1:56, அதாவது நிஜ அளவில் 56-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கட்டட அகலம் சுமார் 13.5 செ.மீ., தெரு 36 செ.மீ., பின்சந்து 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மனை நீளம் 68 செ.மீ. வரும், நாலடி மேசை தாங்காது, அதைப் பாதியாக வெட்டிவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். சந்தின் அகலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு ஆள் ஒரு முறைக்கு 6 அங்குலம் நகர்கிறான் என்றால் தெருவைக் கடக்க இரண்டு முறைக்கு மேல் ஆகும், அதற்குள் சரமாரியாகச் சுடும் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிக்காரன் அவனை முடித்துவிடுவான். எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி போகிறது என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம். பின்சந்தையோ அவன் ஒரே நகர்வில் தாண்டிவிடுவான். ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தினால் வழியே அடைபட்டுப்போகும். கைத்துப்பாக்கிக்கும் கத்திக்கும் அங்கேதான் மதிப்பு.

அல் கபோனின் எதிரிக் கும்பலுக்குத் தலைவனாக இருந்த ஹைமி வைஸின் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1926 அக்டோபர் 11, ஸ்டேட் தெருவில் ஹோலி நேம் கதீட்ரலுக்கு எதிர்ப்புறம். சுட்டவர்கள் வாடகைக்கு எடுத்த மாடி அறையின் ஜன்னலில் காத்திருந்தார்கள். சுட்டதும் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டார்கள், கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை. இதை உங்கள் மேசையில் ஆடிப்பாருங்கள். ஜன்னல் அருமையாக இருக்கிறது. சுட்டுவிட்டு உங்கள் ஆள் எங்கே போவான்? உங்கள் கட்டடத்தில் அவன் மாட்டிக்கொண்டு சாகவேண்டியதுதான்.

சரி, வளைகிற விஷயம். அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் ஈரத்தாளை ஒட்டினால் அது காயும்போது இழுக்கத்தான் செய்யும். பின்முகத்திலும் அதே மாதிரித் தாளை, அதே பசையில் ஒட்டுங்கள், இரண்டு இழுப்பும் சமமாகி நிமிர்ந்து நிற்கும். அதாவது பின்பக்கத்தை வெறுமனே விட்டதால்தான் உங்கள் சுவர்கள் வளைந்தன. பைண்டிங் கடையில் கிரே போர்டு என்கிற சாம்பல் நிறக் கெட்டி அட்டை கிடைக்கும், ஒன்றரை மி.மீ. போதும். ஃபெவிகால் போதும், மெல்லிசாகத் தடவி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். வெட்டு விளிம்பில் வெள்ளை தெரிந்தால் ஸ்கெட்ச் பேனா.

மரப்படிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை நீளவாட்டில் பிளந்துகொள்ளுங்கள். முதலில் அந்த ஹோட்டலின் பின்பக்கத்தைக் கட்டுங்கள், அதற்கு நிச்சயம் பெரிய சரக்குக் கதவு ஒன்று வேண்டும். முடித்ததும் சந்தின் பக்கமிருந்து படம் எடுத்து அனுப்புங்கள்.