அயர்ன்மேன் கனவும் ஸ்லொட் கணக்கும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இரண்டு வாரமாகச் சேர்ந்துபோன கேள்விகளுக்கு இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது நெடுந்தூர ட்ரையத்லன், அதாவது ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் போட்டி. மலேசியாவின் லங்காவியில் முழுத்தூரம் இரண்டு தடவையும், வெவ்வேறு இடங்களில் பாதித்தூரம் ஒன்பது தடவையும் முடித்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, சைக்கிள் வியாபாரமும் செய்வதில்லை. அந்த இரண்டு பக்கத்துக் கேள்விகளுக்கு என்னிடம் நீளமான பதில் கிடைக்காது.

வெள்ளவத்தை, 29 வயது: அக்கா, அயர்ன்மேன் என்கிறார்கள், 70.3 என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? ஏன் இப்போது எல்லோரும் இதையே பேசுகிறார்கள்?

அயர்ன்மேன் என்பது முழுத்தூரம்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பெரும்பாலான இடங்களில் 17 மணி நேரம் தருவார்கள். 70.3 அதில் சரிபாதி: 1.9, 90, 21.1. மொத்தம் 70.3 மைல், நம் கணக்கில் 113 கி.மீ. இதற்குப் பொதுவாக எட்டரை மணி நேரம்.

1978 பெப்ரவரியில் ஹவாயின் ஓஹு தீவில் முதன்முதல் நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். 1981இல் போட்டி பெரிய தீவின் கோனாவுக்கு மாறியது. இன்று உலகின் எந்த மூலையிலும் ஒன்று நடக்கிறது. இந்த வளர்ச்சிக்குக் காரணம் 70.3 தான் என்பது என் எண்ணம். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டு, வாரம் 8 முதல் 10 மணி நேரம் பயிற்சி செய்து முடிக்கக்கூடிய தூரம் அது.

கொழும்பில் 2018 பெப்ரவரியில் 70.3 வந்தபோது காலிமுகத்திடல் பக்கம் வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களில் சிலர் அடுத்த வருடமே நீந்தினார்கள். அப்புறம் 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். வேறு வழியில்லாமல் சைக்கிள் வாங்கியவர்களில் கொஞ்சப் பேர் அதைவிட்டு இறங்கவே இல்லை. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள்.

தெஹிவளை, 36 வயது: எனக்கு நீச்சல் சரியாக வராது. ஆறு மாதத்தில் 70.3 செய்யலாமா? வீட்டுக்கு எதிரே கடல், அங்கேயே பழகலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி, ஆறு மாதத்தில் செய்யலாம். ஆனால் வீட்டுக்கு எதிரே உள்ள கடலில் தனியாக இறங்க வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த ட்ரையத்லன் போட்டிகளை ஆராய்ந்தவர்கள் 135 பேரின் மரணத்தையோ இதய நிறுத்தத்தையோ கணக்கெடுத்தார்கள். அதில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஆபத்து பல மடங்கு. சைக்கிளில் மூச்சு முட்டினால் காலை ஊன்றி நிற்கலாம். தண்ணீரில் எங்கே ஊன்றுவது? அதனால் 35 வயதைத் தாண்டிய எல்லோரும் முதலில் ஒரு வைத்தியரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

முதல் மூன்று மாதம் நீச்சல் தடாகத்திலேயே நீந்துங்கள். நிற்காமல் 1,000 மீற்றர் போக முடிந்த பிறகு கடல். அதுவும் குழுவாக, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, கல்கிசையில் அலை தணிந்த காலையில். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கிழக்கே போங்கள். பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை தண்ணீர் ஆழமில்லாமல் இருக்கும். பயந்தவர்களை நான் அங்கேதான் கூட்டிப் போவேன்.

கொட்டாஞ்சேனை: எந்த சைக்கிள் வாங்கலாம்?

உங்கள் உடல் அளவுக்குப் பொருந்தும் ரோட் சைக்கிள் எதுவாக இருந்தாலும் சரி. பழையது போதும். மிச்சம் பிடிக்கும் காசை நல்ல ரயருக்கும் ஹெல்மெட்டுக்கும் கொடுங்கள்.

பம்பலப்பிட்டி, 44 வயது: உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஸ்லொட் எப்படிக் கிடைக்கிறது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள்.

ஒவ்வொருவரும் வேறு வேறு வருடத்தைச் சொல்கிறார்கள் அண்ணா, குழப்பம் அங்கேதான்.

ஸ்லொட் என்பது உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடக் கிடைக்கும் இடம். பழைய முறையில் ஒரு போட்டிக்கு 40 ஸ்லொட் என்றால், எந்த வயதுப் பிரிவில் எத்தனை பேர் ஓடினார்களோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். ஆள் அதிகமுள்ள பிரிவுக்கு ஐந்தாறு, சின்னப் பிரிவுக்கு ஒன்று. வென்றவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு, அவரும் வேண்டாம் என்றால் அதற்கடுத்தவருக்கு. இதுதான் ரோல்டவுன்.

எனக்குப் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த 2019 ஆம் ஆண்டு 70.3 சாம்பியன்ஷிப்பில் இடம் கிடைத்ததும் அப்படித்தான். கொழும்புப் போட்டி முடிந்து, காலில் உப்புப் படிந்தபடி, செருப்போடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பிரிவில் நான் முதலாவதாக வரவில்லை. முதல் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. இரண்டாவது பெயர். அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தார். அப்புறம் என் பெயர். கையைத் தூக்கினேன், ஆனால் பணத்தை அங்கேயே கட்ட வேண்டும். என் கடன் அட்டையில் அவ்வளவு வரம்பு இல்லை. பின்வரிசையில் இருந்த தோழி தன் அட்டையை மூன்று வரிசை தாண்டிக் கைமாற்றி அனுப்பினாள். அன்று முன்னால் கூப்பிட்ட அந்த முதல் பெண் மண்டபத்தில் இருந்திருந்தால் எனக்கு நீஸ் இல்லை. அதனால் பரிசளிப்பு முடியும்வரை எவரும் மண்டபத்தை விட்டுப் போகாதீர்கள்.

இப்போது நிலைமை இறுகிவிட்டது. முழுத்தூர உலகச் சாம்பியன்ஷிப்பை எடுங்கள்: 2022இல் கோனாவில் இரண்டு நாள் போட்டி, ஏறத்தாழ ஐயாயிரம் பேர். 2023 முதல் 2025 வரை ஆண்களும் பெண்களும் கோனாவிலும் நீஸிலும் மாறி மாறிப் பிரிந்து ஓடினார்கள். அந்த மூன்று வருடம் ரோல்டவுன் வெகுதூரம் கீழே இறங்கியது. 2026 முதல் எல்லோரும் மறுபடி கோனாவில், ஒரே நாளில். போட்டிகளும் ஓடுகிறவர்களும் பெருகிக்கொண்டே இருக்க, கடைசி வாசல் சுருங்கிவிட்டது.

அதற்காக 2025இல் புது முறை அறிவித்தார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதலாவதாக வருபவருக்கு ஸ்லொட் நிச்சயம். மறுத்தால் அந்தப் பிரிவின் இரண்டாமவர், மூன்றாமவர் வரைதான் போகும். மீதி ஸ்லொட்டெல்லாம் பொதுக் குவியலில். அதில் உங்கள் நேரத்தை உங்கள் வயதுக்கும் பாலுக்கும் உரிய ஒரு எண்ணால் பெருக்கி வரிசைப்படுத்துவார்கள். அந்த எண்ணைக் கோனாவில் முன்னே வந்தவர்களின் நேரங்களிலிருந்து எடுத்தார்கள். 30–34 வயது ஆண்களுக்கு அது 1. விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள், ஆகவே பதியும் முன் அந்தப் போட்டியின் வழிகாட்டியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கொள்ளுப்பிட்டி, 32 வயது: இது அநியாயம். நான் 10 மணி நேரத்தில் முடித்தால், 10 மணி 50 நிமிடத்தில் முடித்த 52 வயதுக்காரர் என் ஸ்லொட்டை எடுத்துக்கொண்டு போவாரா? கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

அவருடைய எண் 0.9 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 650 நிமிடத்தை 0.9 ஆல் பெருக்கினால் 585, அதாவது 9 மணி 45 நிமிடம். ஆம், அவர் உங்களுக்கு முன்னால்தான் நிற்பார். நிற்க வேண்டியவரும்தான்.

தம்பி, அது "உங்கள்" ஸ்லொட் அல்ல. வயதுப் பிரிவுப் போட்டி என்று பதிந்துவிட்டு, முடிவு வந்ததும் வயதே வேண்டாம் என்றால் எப்படி? கடிகாரம் மட்டும்தான் கணக்கு என்றால் நீங்களும் தொழில்முறை வீரர்களோடு நிற்க வேண்டும். அங்கே கோனாவில் பாட்ரிக் லாங்க 2024இல் 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் வந்தார்.

அதே கொள்ளுப்பிட்டித் தம்பி மறுபடியும்: சரி, ஆனால் அந்த எண்ணை ஹவாய் வெயிலில் எடுத்தார்கள். குளிர் நாட்டுப் போட்டிக்கு அது எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. நீங்கள் ஒப்பிடப்படுவது அதே நாள் அதே பாதையில் ஓடினவர்களோடு மட்டும். குளிரோ மேடோ எல்லோருக்கும் சேர்த்துத்தான். அதனால் பெரும் பிழை வராது.

வத்தளை, 41 வயது (இடையில் சேர்ந்தவர்): அக்கா, தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் 40–44 பிரிவில்தான் கூட்டம் அதிகம். முன்பு நான்காவதாக வந்தாலும் கிடைத்தது. இப்போது முதலாமவருக்கு மட்டும்தான் உறுதி.

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. கூட்டமுள்ள பிரிவில் நான்காவதாக வருவது சின்ன விஷயமில்லை, அவர்களுக்கு இது உண்மையான இழப்பு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பெண்கள் பிரிவுகளில் சில இடங்களில் ஆறேழு பேர்தான் ஓடுவோம். பழைய விகிதக் கணக்கில் எங்களுக்கு ஒரே ஒரு ஸ்லொட். இரண்டாவதாக வருகிறவள் எவ்வளவு வேகமாக வந்தாலும் வெறும் கையோடு போவாள், பக்கத்துப் பிரிவில் ஆறாவது ஆண் ஸ்லொட்டோடு போவார். ஓடுகிற பெண்கள் குறைவு என்பதற்காக ஓடி முடித்தவளின் நேரம் குறைந்துபோகுமா? திடலில் காலை 5 மணிக்கு எத்தனை பெண்கள் தனியாக ஓட முடிகிறது என்று யோசித்துவிட்டு அந்தக் கூட்டக் கணக்கைப் பேசுங்கள்.

கொள்ளுப்பிட்டி, மூன்றாம் தடவை: அப்படியானால் ரோல்டவுனில் போனவர்கள் உண்மையில் தகுதி பெற்றவர்களா?

என்னைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆம், தகுதி பெற்றேன். விதி சொன்ன வரிசையில் என் முறை வந்தது, நான் அங்கே இருந்தேன். நீஸில் கோல் டி வான்ஸ் மலையில் பத்துக் கிலோமீற்றர் ஏற்றம் ஏறும்போது ரோல்டவுன்காரர்களுக்கு என்று தனிச் சரிவு எதுவும் போட்டுத் தரவில்லை. இந்த விவாதத்தை இதோடு விடுகிறேன், மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

மட்டக்குளி: எந்த சைக்கிள் நல்லது? கார்பன் வேண்டுமா?

மேலே சொல்லிவிட்டேன். கார்பன் வேண்டாம்.

கிருலப்பனை, 38 வயது: விலை கூடிய பானங்களுக்குப் பதில் செவ்விளநீர் குடித்து ஓடலாமா?

குடிக்கலாம், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கொழும்பு வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். போத்தலில் ஊற்றி அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக உப்பும், கொஞ்சம் சீனியும் கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடிப்பது தாகத்தை விட ஆபத்து. இரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போகும். கையில் மோதிரம் இறுகி, முகம் ஊதினால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

ராஜகிரிய: வெட்சூட் (உடலைச் சூடாக வைக்கும் ரப்பர் நீச்சலுடை) வாங்க வேண்டுமா?

இங்கே வேண்டாம். தண்ணீர் 24.5 பாகைக்கு மேல் இருந்தால் வெட்சூட்டோடு பரிசுக்கோ ஸ்லொட்டுக்கோ போட்டியிட முடியாது. நம் கடல் 28ஐச் சுற்றித்தான் இருக்கும்.

நுகேகொடை: முழங்கால் வெளிப்பக்கம் வலிக்கிறது, என்ன தைலம் தடவலாம்?

பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். எழுத்தில் பார்த்து முழங்காலைச் சொல்ல என்னால் முடியாது.

வெள்ளவத்தை, 27 வயது: காலி வீதியில் சைக்கிள் பயிற்சி சாத்தியமா? கூட்டமாகப் போனால் வேகம் வருகிறது, போட்டியிலும் அப்படிப் போகலாமா?

விடியற்காலை 4.30 முதல் 6.15 வரை சாத்தியம். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் வரவே கூடாது. மரைன் டிரைவ் நேராக இருக்கிறது, ஆனால் கடல் மணல் வந்து படிந்த இடத்தில் ரயர் வழுக்கும்.

போட்டியில் ஒட்டிப் போக முடியாது. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் இடையில் 12 மீற்றர் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் 5 நிமிடத் தண்டனை. பயிற்சியில் கூட்டத்தின் காற்றுமறைவிலேயே பழகியவர்கள் போட்டியில் 60ஆவது கிலோமீற்றரில் தளர்ந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது தனியாக மிதியுங்கள்.

கல்கிசை, 31 வயது: குளிர் நாட்டுக்காரர்களோடு நாம் போட்டியிட முடியுமா? நம்மிடம் என்ன இருக்கிறது?

வெயில் இருக்கிறது, ஈரக்காற்று இருக்கிறது. 2025 ஒக்டோபரில் கோனாவில் பெண்கள் போட்டியைப் பார்த்தீர்களா? முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த லூசி சார்ள்ஸ்-பார்க்லி வெப்பம் தாங்காமல் பாதியில் விலகினார். அப்புறம் முதலிடத்துக்கு வந்த டெய்லர் நிப் முடிவுக்குச் சில கிலோமீற்றர் இருக்கும்போது வீதியோரத்தில் உட்கார்ந்துவிட்டார். வென்றவர் நோர்வேயின் சோல்வெய்க் லோவ்செத். உலகின் மிகச் சிறந்த இருவரை வெப்பம் உட்கார வைத்தது.

குளிர் நாட்டவர்கள் இரண்டு வாரம் முன்னதாக வந்து உடலைப் பழக்குகிறார்கள். நமக்கு அது பிறந்த ஊர். ஆனால் வெயிலில் வாழ்வது வேறு, வெயிலில் ஓடுவது வேறு. குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து குளிரூட்டிய வாகனத்துக்குப் போகிறவருக்கு இந்தச் சாதகம் இல்லை. வாரத்தில் ஒரு ஓட்டத்தைக் காலை 8 மணிக்கு, தியவன்னா ஓயா நடைபாதையில், மெதுவாக ஓடுங்கள். 40 நிமிடம் போதும், நிழலில் ஒருவர் போத்தலோடு இருக்கட்டும்.

கொள்ளுப்பிட்டி, 32 வயது: அக்கா, கோபம் வேண்டாம். முதல் போட்டியாக எதைப் பதியலாம்? ஸ்லொட் பற்றி இப்போது கேட்கவில்லை.

கோபம் இல்லை தம்பி. கோவா 70.3. 2019இல் தொடங்கியது, மிராமார் கடற்கரையில் நடக்கிறது. விமானச் செலவு கட்டுப்படியாகும், வெயிலும் தண்ணீரும் நம்முடையது மாதிரியே. முழுத்தூரம் என்றால் லங்காவி, ஆனால் அதற்கு முன் இரண்டு பாதித்தூரம் முடித்திருங்கள். சனிக்கிழமை காலை 5.45க்குக் கல்கிசைக்கு வாருங்கள், முதலில் உங்கள் நீச்சலைப் பார்ப்போம். ஈ.சி.ஜி. எடுத்த தாளையும் கொண்டுவாருங்கள்.