செல்போனில் பதிவான ‘அவள்’

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், வேலை சென்னையில். நன்றாகப் பாடுவேன். நான் ஆண்களை விரும்புகிறவன். நான்கு வருடமாக என்னோடு இருக்கும் நண்பரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. காதல் பாட்டில் ‘அவள்’ வருகிற இடத்தில் ‘அவன்’ என்றும், ‘வந்தாள்’ என்பதை ‘வந்தான்’ என்றும் மாற்றிப் பாடுகிறேன். ‘சேலை’யைக்கூட ‘வேட்டி’ ஆக்கிவிட்டேன். மாற்றாமல் பாடினால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் கவிஞர் எழுதியதில் கை வைப்பது துரோகம் என்கிறார் நண்பர். மாற்றலாமா, கூடாதா? வெளியில் மாற்றுவதில்லை. போன மாதம் மன்னார்குடிக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண்ணே பாடச் சொன்னாள், அங்கே எழுதியபடிதான் பாடினேன். அவள் செல்போனில் பதிவுகூடச் செய்துகொண்டாள்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது சுலபம்.

தாராளமாக மாற்றுங்கள். உங்கள் நண்பர் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் உடையாது. செய்யுள் இலக்கணத்தில் சொல்லின் ஓசை அளவுக்குப் பெயர் உண்டு. அந்தக் கணக்கில் ‘அவள்’, ‘அவன்’ இரண்டும் நிரையசை. ‘வந்தாள்’, ‘வந்தான்’ இரண்டும் தேமா. ‘ஒருத்தி’யை ‘ஒருவன்’ ஆக்கினாலும் புளிமா புளிமாவாகவே நிற்கும். உங்கள் ‘சேலை’யும் ‘வேட்டி’யும்கூட ஒரே அளவுதான், சிரித்துவிட்டேன். தாளத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அதுவும் தமிழில் ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் பால் கிடையாது. இந்தியில் ‘போகிறேன்’ என்று வாயைத் திறந்தாலே பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். தமிழில் ‘நான் உன்னை’ என்று ஓடுகிற பாட்டை ஓர் எழுத்துகூட மாற்றாமல் யாரும் யாருக்கும் பாடலாம்.

துரோகம் என்கிறாரே, பாரதியார் என்ன செய்தார்? 1917-ல் புத்தகமாக வந்த கண்ணன் பாட்டில் கண்ணனைக் காதலன் என்று பெண்ணாகி நின்று பாடினார். அதே கண்ணனைக் கண்ணம்மா ஆக்கிக் காதலி என்றும் பாடினார். பெருமாளைக் காதலிக்கும் பெண்ணாக நின்று பாட நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார், திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். வைணவக் கல்யாணங்களில் ஆண்டாளின் கல்யாணக் கனவுப் பாசுரமான வாரணமாயிரம் சொல்லும்போது பாருங்கள். பன்னிரண்டு திருமண் இட்ட தாத்தாக்கள் உட்கார்ந்து, மாலவனைக் கைப்பிடித்ததாகக் கனாக் கண்டேன் என்று ஆண்டாளாகவே மாறித் தோழியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றுவதில்லை. பாடுகிறவர்தான் மாறிக்கொள்கிறார். எனக்குப் பிடித்த வழி அதுதான். உங்களுக்குச் சொல்லை மாற்றுவதுதான் பிடித்தால் சரி, அதற்கும் பாரதி இருக்கிறார். மாற்றியதை வெளியிடுவதானால் மட்டும் உரிமை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். குளியலறையில் பாட யாரிடமும் கேட்க வேண்டாம்.

இனிமேல்தான் உங்கள் கடிதத்துக்கே வருகிறேன்.

‘அவள் செல்போனில் பதிவுகூடச் செய்துகொண்டாள்.’ அந்தக் ‘கூட’வை எழுதும்போது உங்கள் கை நிற்கவில்லையா?

தனியாக இருக்கும்போது ‘அவள்’ என்று பாடினாலே பொய் சொல்வதுபோல் இருக்கிறது உங்களுக்கு. அந்தப் பொய்யை ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கேட்க, ராகம் போட்டுப் பாடிவிட்டு வந்திருக்கிறீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். நானும் பாடியிருக்கிறேன். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். இந்தப் பெண் மாப்பிள்ளையைப் பாடச் சொல்லியிருக்கிறாள். துணிச்சல்காரி. எதற்குப் பதிவு செய்தாள்? ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்க. ஒரு மாதமாகக் கேட்கிறாள். அந்தப் பாட்டில் வருகிற ‘அவள்’ தான்தான் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறாள்.

அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று? கடிதத்தில் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள். செத்துப்போன கவிஞருக்குத் துரோகம் ஆகிவிடுமோ என்று கவலைப்படுகிறவருக்கு உயிரோடு இருக்கிற பெண் கண்ணில் படவில்லை.

இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் ஒரு வகை உண்டு. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கணவர் நல்லவர், குடி கிடையாது, கை நீட்டியதில்லை, என்னைத் தொடுவதுமில்லை, என்னிடம் என்ன குறை என்று கேட்டு எழுதுவார்கள். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. அந்தக் கணவர்களில் சிலர் உங்களைப் போலப் பெண் பார்க்கப் போய், வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் தாலி கட்டியவர்கள். முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால், கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க 1955-ம் வருட இந்து திருமணச் சட்டம் 12-ம் பிரிவில் இடமிருக்கிறது, உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள். ஆனால் அதற்குக் கோர்ட் படியேறி, தன் படுக்கையறைக் கதையை அந்நியர்கள் முன்னால் சொல்ல வேண்டியவள் அவள்.

உங்களுக்கும் வருத்தம் இருக்கும், தெரியும். 2018 செப்டம்பர் 6-ம் தேதி, ஆணும் ஆணும் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில், அவர்கள் கல்யாணத்துக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரித்தது. நண்பரோடு ஊரறிய வாழ முடியவில்லையே என்று நீங்கள் கோபப்பட்டால் நியாயம்தான். அதற்கு மன்னார்குடிக்காரர் மகள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

நான் குடும்பத்தைப் பெரிதாக நினைக்கிற பழைய ஆள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றால் பிள்ளை லீவு போட்டு வந்து நிற்க வேண்டும். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டும். இதிலெல்லாம் உங்களுக்கு ஒரு சலுகையும் தரமாட்டேன். ஆனால் அம்மா ஆசைப்படுகிறாள் என்பதற்காக இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவது கடமை இல்லை, களவு.

எனவே இன்றைக்கே போன் பண்ணுங்கள். ‘இந்தச் சம்பந்தம் வேண்டாம், நான்தான் சொல்கிறேன்’ என்று முதலில் உங்கள் அப்பாவிடம். காரணத்தை இன்றே சொல்லியாக வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. அது உங்களுக்குத் தைரியம் வரும் நாளில். ஆனால் வேறு யாராவது சொல்லி அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பெண் வீட்டுக்குச் சொல்லும்போது ஜாதகத்தின் தலையில் மட்டும் பழியைப் போடாதீர்கள். ஜாதகம் சரியில்லை என்று ஒரு தடவை பேச்சுக் கிளம்பிவிட்டால், அடுத்து வருகிறவனும் அதையே கேட்பான். பையனுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் தரகரிடம் விடாமல் நீங்களே அவளுடைய அப்பாவிடம் சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சேலையை வேட்டி ஆக்கியாயிற்று, கூந்தலையும் மல்லிகையையும் என்ன செய்வது என்று அப்புறம் பேசலாம்.