விமான நிறுவனக் கூட்டணிகள் எப்படி இயங்குகின்றன? புதியவர்களை எப்படிச் சேர்க்கிறார்கள்?

பல நாடுகளில் ஒரு விமான நிறுவனத்தை வெளிநாட்டவர் முழுதாக வாங்க முடியாது. அமெரிக்காவில் வாக்குரிமைப் பங்கில் 25 சதவீதம்தான் உச்சவரம்பு. சரி, வாங்கத்தானே முடியாது, கைகோத்துக்கொள்ளலாமே? 1997-இல் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய் ஏர்வேஸ், ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்ஏஎஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கின. போட்டிக் கூட்டணிகளான ஒன்வேர்ல்டு 1999-இலும் ஸ்கைடீம் 2000-இலும் வந்தன.

பயணிக்கு இது தெரிவது பெரும்பாலும் டிக்கெட்டில்தான். அதில் ஒரு நிறுவனத்தின் எண் இருக்கும். ஏறப் போனால் நிற்பது இன்னொரு நிறுவனத்தின் விமானம். இதுதான் கோட்ஷேர். (கூட்டணிக்கு வெளியேயும் இது உண்டு.) அப்புறம், பறக்கப் பறக்கக் கிடைக்கும் மைல்கள் என்ற சலுகைப் புள்ளிகள் உங்கள் பழைய கணக்கிலேயே சேரும்.

ஆள் சேர்ப்பதுதான் சுவாரசியம். வரைபடத்தில் தங்களுக்குக் கிளை இல்லாத பகுதி எது என்று பார்த்து, அங்கே வலுவாக உள்ள நிறுவனத்தை அழைப்பார்கள். பழைய உறுப்பினர் ஒருவர் கைபிடித்து நடத்துவார். முன்பதிவுக் கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், சலுகைகள் எல்லா இடத்திலும் செல்ல வேண்டும். இழுத்துக்கொண்டே போகும் வேலை இது. ஏர் இந்தியாவுக்கு ஸ்டார் அலையன்ஸின் அழைப்பு வந்தது 2007-இல், நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2011-இல் நிறுத்திவைத்தார்கள், சேர்ந்தது 2014-இல்.

கட்சித் தாவலும் உண்டு. ஸ்கைடீமில் உள்ள ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் தன்னில் முதலீடு செய்ததும், ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ்ஏஎஸ்ஸே 2024-இல் ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. எமிரேட்ஸோ எதிலும் சேராமலே பெரிதாக வளர்ந்திருக்கிறது.