குளக்கரையில் டென்ட் போட்டுத் தங்குவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து போய், வன்னியில் ஆளரவமில்லாத ஒரு குளக்கரையில் இரவு தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கலாம். நான் வவுனிக்குளத்தில் இரண்டு தடவை தங்கியிருக்கிறேன். ஏ-9 பாதையில் மாங்குளம் வரை போய், மேற்கே மல்லாவிப் பக்கம் திரும்ப வேண்டும். ஆறே இல்லாத ஊரில் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் நான். பாலியாறு வந்து நிரப்பும் அந்தக் குளத்தை முதல்முதலில் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்த அழகில்தான் பிழை விட்டோம். நாலு பேருமாகச் சேர்ந்து அலைகரையிலேயே, தண்ணீருக்குப் பக்கத்தில், டென்ட்டை அடித்துவிட்டோம். பொழுதுபடுகிற நேரம், வலை போட வந்த ஐயா ஒருவர் எங்களைக் கண்டு வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். "தம்பியவை, இதிலயோ படுக்கப் போறியள்?" என்றபடி டோர்ச்சை நிலத்தில் அடித்துக் காட்டினார். காய்ந்த சேற்றில் சுளகளவு வட்டங்கள், தண்ணீர் வரை வரிசையாக. மாடு உழக்கிய பள்ளம் என்று நினைத்து நாங்கள் கடந்து வந்தவை அவை. "யானை இறங்கிற வழி இது. முதலையும் இதிலதான் ஏறிக் கிடக்கிறது. கிளப்புங்கோ." அவரே முன்னுக்கு நடந்து, குடிமனைப் பக்கமாக ஒரு மேட்டில் இடம் காட்டிவிட்டுத்தான் போனார்.

அன்றிரவு நடுச்சாமம் தாண்டி, நாங்கள் விட்டு வந்த இடத்துப் பக்கமிருந்து ஆட்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. பிறகு தண்ணீர் கலங்குகிற சத்தம், நெடுநேரம். விடியப் போய்ப் பார்த்தோம். டென்ட் முளை அடித்த ஓட்டையில் பாதியை மூடிக்கொண்டு ஒரு புதுக் காலடி.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். குளத்தில் தொழில் செய்பவர்களிடம் கேட்காமல் ஒரு முளையும் அடிக்க வேண்டாம். வவுனிக்குளம் சரணாலயமும்கூட, வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

டென்ட்டின் அடிப்பாகம் சுவரோடு சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும். வெறும் பாயில் படுப்பது வேண்டவே வேண்டாம். கட்டுவிரியன் இரவில்தான் திரியும், நித்திரையில் இருப்பவரைக் கடித்தால் பெரிதாக நோகவும் நோகாது. காலையில் கண்ணிமை தூக்க முடியாமல் போகும்போதுதான் சிலருக்கு விளங்கும். ஆரம்பச் சந்தேகத்திலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது.

விறகு பொறுக்கக் காட்டுக்குள் இறங்காதீர்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமென்றாலும் ஆட்கள் நடந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலக வேண்டாம். சின்னக் காஸ் அடுப்பு ஒன்று போதும். நாங்கள் புட்டும் சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போனோம், அங்கே தேத்தண்ணி மட்டும்தான் வைத்தோம். குடிக்கிற தண்ணீரையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

போவதற்கு நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். மாரி மழை ஓய்ந்து, குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கும். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் அந்த வெளியில் டென்ட் நிற்காது.